தஞ்சைக் கோட்டையும் கொள்ளைப் பங்கும்

தஞ்சாவூர்க் கோட்டை 1773 செப்டம்பர் 17 அன்று, வெயில் உச்சியில் நின்ற நேரத்தில், ஆங்கிலேயக் கம்பெனிப் படையிடம் விழுந்தது. மராத்திய மன்னர் இரண்டாம் துளஜா குடும்பத்தோடு கோட்டைக்குள்ளேயே பிடிபட்டார். கோட்டையைக் கேட்டவர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. பிடித்துக் கொடுத்தது சென்னைக் கம்பெனி. நவாபின் கணக்கில் தஞ்சை அரசர் ஒரு கலகக்காரர்: கப்பத்தைப் பாக்கி வைத்தவர், மேலாளரைக் கேட்காமல் அண்டை நாட்டின்மேல் படை நடத்தியவர். தஞ்சை அரசரின் கணக்கிலோ நவாப் தமக்கு மேலாளரே அல்லர். டில்லிப் பாதுஷாவின் பெயரால் ஆற்காட்டுக்காரர்கள் தண்டிக்கொண்டு போன பணத்தைத் தஞ்சை எந்நாளும் மனமொப்பிக் கட்டியதில்லை. படை வாசலில் வந்து நின்றால் கட்டுவது, போனால் நிறுத்திக்கொள்வது என்பதே அங்கு வழக்கம்.

அடங்காத நகரைப் படை உடைத்து உள்ளே புகுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அக்கால ஐரோப்பாவில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. முற்றுகைக்கு வந்த தளபதி முதலில் சரணடையச் சொல்லி ஆள் அனுப்புவார். இணங்கினால் உயிரும் உடைமையும் தப்பும். மறுத்தபின் மதில் பிளந்து நகரம் பிடிபட்டால், உள்ளே இருப்பதெல்லாம் படையாளுக்குச் சொந்தம். 1631 மே மாதம் ஜெர்மனியின் மக்டபர்க் நகரம் அப்படித்தான் எரிந்தது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மாண்டார்கள். 1576 நவம்பரில் ஆண்ட்வெர்ப் நகரைச் சூறையாடிய ஸ்பெயின் சிப்பாய்களுக்கு வேறொரு காரணமும் இருந்தது. அரசர் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து நெடுநாள் ஆகியிருந்தது. பாக்கியை அவர்கள் நகரத்தாரிடம் வசூலித்துக்கொண்டார்கள். கொள்ளை என்பது அந்நாளில் படைச் செலவின் ஒரு பகுதி. சம்பளம் குறைவாக இருக்கலாம், தாமதமாகவும் வரலாம். ஆனால் நகரம் விழும் நாளில் கிடைக்கும் பங்கை நம்பித்தான் பலர் துப்பாக்கி எடுத்தார்கள்.

இந்த வழக்கம் கம்பெனிப் படையோடு சோழமண்டலக் கரைக்கும் வந்து சேர்ந்தது. அடித்துப் பிடித்த கோட்டையின் பொருள் பிடித்த படைக்கு உரியது என்பது கம்பெனிச் சேவையின் ஒப்புக்கொண்ட விதி. தஞ்சாவூரின் கதையில் இதைப்போல விளைவு ஏற்படுத்திய விதி வேறு இல்லை. நகரம் ஒரு முறை தப்பியதற்கும் அடுத்த முறை விழுந்ததற்கும் அதில் பங்குண்டு.

தஞ்சைமீது படைகளுக்கு இருந்த பசி 1773-க்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 1749 இறுதியில், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் படையோடு வந்து கோட்டையை வளைத்தார்கள். அரசர் பிரதாப சிங், துளஜாவின் தந்தை, எழுபது லட்ச ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். பிரெஞ்சுப் படையாட்களுக்கென்று இரண்டு லட்சம் தனியாகப் பேசப்பட்டது. பிறகு அவர் பணம் கட்டிய விதம் ரசிக்கத்தக்கது. ஒரு நாள் வெள்ளித் தட்டுமுட்டுகள் வந்தன. இன்னொரு நாள் செலாவணியில் இல்லாத பழங்காசுகள். அடுத்து நகைகள், அவற்றுக்கு என்ன விலை மதிப்பது என்று நாள் கணக்கில் பேரம். அவர்களுடைய எதிரி நாசிர் ஜங் பெரும்படையோடு தெற்கே வருகிறார் என்ற செய்தி எட்டும்வரை இந்த நாடகம் ஓடியது. வளைத்தவர்கள் மீதிக்குக் கடன் பத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

அந்தப் பத்திரம் ஒன்பது ஆண்டுகள் கழித்து மறுபடி வெளியே வந்தது. 1758-ல் புதுச்சேரிக்குப் பிரெஞ்சுத் தளபதியாக வந்த லாலியிடம் பணமே இல்லை. ஐம்பத்தாறு லட்சம் பாக்கி என்று எழுதியிருந்த பழைய பத்திரத்தை நம்பி அவர் காரைக்காலிலிருந்து தஞ்சை நோக்கி நடந்தார். வழியில் நாகூரைப் பிடித்தார். வணிகர்கள் ரொக்கத்தையும் நகையையும் முன்கூட்டியே அப்புறப்படுத்திவிட்டதால், எஞ்சிய சரக்கைத் தம் குதிரைப்படைத் தலைவரிடமே விலை பேசிவிட்டார். கொள்ளையடிக்கும் உரிமையை மொத்தக் குத்தகைக்கு விட்டது என்று இதைச் சொல்லலாம். அடுத்தது கீழ்வேளூர்க் கோயில். பொன் புதைந்திருக்கும் என்று தரையைத் தோண்டினார்கள், குளத்தைத் துழாவினார்கள், படிமங்களைப் பெயர்த்தார்கள். கிடைத்தவை பித்தளையும் செம்பும். கோயிலைச் சுற்றி நின்ற பிராமணர் ஆறு பேரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார் லாலி. ஆகஸ்டுத் தொடக்கத்தில் தஞ்சை மதிலைத் தாக்கத் தொடங்கியபோது வெடிமருந்தும் அரிசியும் தீரும் நிலை; கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் மேலோங்கிய செய்தியும் வந்தது. ஒரு வாரத்துக்குமேல் தாக்குப்பிடிக்காமல் படை திரும்பியது. போகும் வழியெல்லாம் தஞ்சைக் குதிரைவீரர்கள் அதைத் துரத்தினார்கள்.

பிரெஞ்சுக்காரர் வீழ்ந்தபின் கணக்குக் கேட்டு வந்தவர் முகமது அலி. அவருக்கும் கடன் கழுத்துவரை இருந்தது. தம்மை நவாபாக்கிய போரின் செலவைக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். தஞ்சையின் நெல்லைப் பணமாக்கினால் அது அடையும் என்று நினைத்தார். 1762-ல் சென்னை கவர்னர் பிகட் நடுவில் நின்று உடன்படிக்கை செய்துவைத்தார்: பழைய பாக்கிக்கு இருபத்திரண்டு லட்சம் ரூபாய் ஐந்து தவணையில், நவாபுக்கு அன்பளிப்பாக நான்கு லட்சம், இனி ஆண்டுதோறும் பேஷ்குஷ் என்ற கப்பம் நான்கு லட்சம். கம்பெனி இதற்கு ஜாமீன் நின்றது. பதினொரு ஆண்டுகள் கழித்து அந்த ஜாமீன்தாரரே பீரங்கியோடு வந்ததுதான் பின்னாளில் இங்கிலாந்தில் பலரை நெளிய வைத்தது.

இடையில் தண்ணீர்ச் சண்டையும் வந்தது. ஸ்ரீரங்கத் தீவின் கீழ்க்கோடியில் காவிரியின் படுகை கொள்ளிடத்தின் படுகையைவிட மேட்டில் இருக்கிறது. அங்கே உள்ள அணையும் கரையும் உடைந்தால் தண்ணீர் முழுவதும் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்கு ஓடிவிடும். தஞ்சைச் சீமையின் நஞ்செய் காய்ந்துபோகும். அணை இருந்த மண் நவாபின் எல்லைக்குள். அதைப் பழுதுபார்த்து வந்ததோ வழிவழியாகத் தஞ்சை அரசு. 1764-ல் நவாப் அந்தப் பராமரிப்புக்குத் தடை சொன்னார். கம்பெனி தலையிட்டுத் தஞ்சைக்கு அனுமதி வாங்கித் தந்தது. முற்றுகை இல்லாமலே ஒரு நாட்டை மண்டியிட வைக்கும் வழி அந்தக் கரையில் இருந்ததை இரு தரப்பும் நன்றாக அறிந்திருந்தன.

1771-ல் துளஜா இராமநாதபுரம் மறவர் சீமைமேல் படை நடத்தினார். அனுமந்தகுடி முதலிய இடங்கள் தமக்குரியவை என்பது அவர் வாதம். மறவர் தம் பாளையக்காரர் என்றார் நவாப். அந்த நேரம் பேஷ்குஷும் பாக்கி நின்றது. செப்டம்பரில் ஜெனரல் ஜோசப் ஸ்மித்தின் தலைமையில் கம்பெனிப் படை திருச்சிராப்பள்ளியிலிருந்து கிளம்பி, தஞ்சைக்குத் தென்மேற்கே மேட்டில் இருந்த வல்லம் கோட்டையைப் பிடித்துக்கொண்டு, தஞ்சை மதிலுக்கு எதிரே பதுங்குகுழி தோண்டத் தொடங்கியது. படையோடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமராவும் வந்திருந்தார்.

இங்கேதான் கொள்ளைப் பங்கு குறுக்கே வந்தது. கோட்டையை அடித்துப் பிடித்தால் அரண்மனைப் பொக்கிஷம் விதிப்படி கம்பெனிப் படைக்குப் போய்விடும். போர்ச் செலவைச் சுமந்த நவாபுக்கு மிஞ்சுவது வெறும் மதில். கொள்ளைக்கு ஈடாக ஒரு தொகை தருகிறேன் என்றார் நவாப், படை கேட்ட தொகை அவர் சொன்னதைவிடப் பெரிது, பேரம் படியவில்லை. மதிலின் பிளவு மறுநாள் ஏறிப்போகும் அளவுக்கு அகன்றுவிடும் என்று பொறியாளர்கள் சொன்ன அக்டோபர் 27 அன்று, உம்தத்-உல்-உமரா தளபதியிடம் வந்து, துளஜாவோடு சமாதானம் கையெழுத்தாகிவிட்டது என்று அறிவித்தார். ஒரு மாதம் மண்ணில் புரண்ட படைக்கு ஆத்திரம் பொங்கியது. தஞ்சை அன்று பிழைத்தது யாருடைய கருணையாலும் அல்ல. கொள்ளையின் பங்குதாரர்கள் ஒருவரை ஒருவர் நம்பாததால்.

சமாதானத்தின் விலையும் கொள்ளைக்குச் சளைத்ததல்ல. பேஷ்குஷ் பாக்கி எட்டு லட்சம், போர்ச் செலவு முப்பது லட்சத்துக்கு மேல். மறவர் சீமையில் பிடித்ததைத் திருப்பித் தர வேண்டும். வல்லம் கையை விட்டுப் போயிற்று. பணத்துக்குப் பிணையாக மாயவரம், கும்பகோணம் சுபாக்களின் வருமானம் நவாபிடம் இரண்டு ஆண்டு அடமானம் வைக்கப்பட்டது. இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே, காவிரிக்கும் வீரசோழனுக்கும் இடைப்பட்ட வளமான நெற்பரப்பில்தான் திருவிடைமருதூர் இருக்கிறது. தஞ்சை மதிலில் விழுந்த குண்டுச் சத்தம் எட்டாத அந்த ஊர்களின் களத்துமேட்டுக்கு முற்றுகையின் கணக்கு முதலில் வந்தது. துளஜா மீதியைத் தேட நாகப்பட்டினத்து டச்சுக்காரரிடமும் தரங்கம்பாடி டேனிஷ்காரரிடமும் நகையையும் நிலத்தையும் அடகு வைத்தார். அப்போதும் பாக்கி தீரவில்லை.

அந்தப் பாக்கியே 1773-க்குக் காரணமாயிற்று. மராத்தியரிடமும் மைசூர் ஹைதர் அலியிடமும் உதவி கேட்டுத் துளஜா ஆள் அனுப்புகிறார் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. கம்பெனியின் சென்னைக் கவுன்சில் ஜூன் மாதம் முடிவெடுத்தது. தஞ்சைபோல் ஓர் அரசு நாட்டின் நடுவே இருப்பது ஆபத்து, நவாபுக்கும் அதற்கும் சண்டை வந்தால் நாம் நவாப் பக்கமே நிற்கவேண்டி வரும், ஆகவே இப்போதே அதை அடக்கிவிடலாம் என்பது அவர்கள் வாதம். தாம் நின்ற ஜாமீனைக் கைவிட இதைவிட வசதியான தர்க்கம் கிடைப்பது அரிது. நடுவில் சமாதானம் பேசக்கூடாது என்பது இம்முறை கம்பெனியின் நிபந்தனை. முழுச் செலவும், கொள்ளைக்கு ஈடாகப் படைக்குத் தரும் தொகையும் நவாப் தலையில். அதுவரை ஏழாயிரம் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுத்து வந்தவர் இனிப் பத்தாயிரம் பேருக்குக் கொடுக்க வேண்டும்.

மீண்டும் ஸ்மித்தே தலைமை. ஆகஸ்டுத் தொடக்கத்தில் படை தஞ்சைக்கு அருகே கூடாரம் அடித்தது. நாயக்கர் காலத்தில் எழும்பிய பெரிய கோட்டைக்குள் அரண்மனையும் நகரமும். அதை ஒட்டிப் பெரிய கோயிலையும் சிவகங்கைக் குளத்தையும் அடக்கிய சின்னக் கோட்டை. சுற்றிலும் தண்ணீர் நிறைந்த அகழி. முற்றுகை வழக்கமான ஐரோப்பிய முறையில் நடந்தது. பதுங்குகுழிகள் கோணல்மாணலாக மதிலை நெருங்கின. பீரங்கி மேடை எழுந்தது. ஒரே இடத்தைக் குறிவைத்து நாள்தோறும் குண்டு பொழிந்து மதிலைச் சரித்தார்கள். செப்டம்பர் 16-க்குள் பிளவு தயார். அகழியின் குறுக்கே ஆட்கள் கடக்கும் அகலத்துக்குப் பாதையும் போட்டாயிற்று.

தாக்குதல் விடியற்காலையில் வரும் என்று உள்ளே இருந்தவர்கள் இரவெல்லாம் மதிலில் விழித்திருந்தார்கள். விடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறியது. புரட்டாசி வெயிலில் யாரும் வரமாட்டார்கள், இனிச் சாயங்காலம்தான் என்று பெரும்பாலோர் சாப்பிடவும் இளைப்பாறவும் இறங்கிப் போனார்கள். அந்த வேளையில் ஸ்மித்தின் படை பிளவில் ஏறியது. எதிர்ப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. ஏறியவர்கள் பக்கத்தில் சேதம் குறைவு. ஆண்ட்வெர்ப்பிலும் மக்டபர்க்கிலும் நடந்ததுபோல் தெருத்தெருவாகக் கொலையும் தீயும் தஞ்சையில் நிகழவில்லை. படை ஒழுங்கோடு நடந்தது என்று ஆங்கிலேயர் பெருமையாக எழுதிவைத்தார்கள். ஒழுங்கு இருந்தது உண்மை. நவாப் விலை கொடுத்து வாங்கிய நகரத்தை அவரிடம் சேதமில்லாமல் ஒப்படைக்க வேண்டியிருந்ததும் உண்மை.

நகரம் தப்பியது, நாடு தப்பவில்லை. துளஜா தம் அரண்மனையிலேயே கைதியானார். அவருடைய பொக்கிஷமும் ஆபரணங்களும் நவாபின் கைக்குப் போயின. அவர் டச்சுக்காரருக்கு விற்றிருந்த நாகூரை நவாபும் கம்பெனியும் மிரட்டித் திரும்ப வாங்கினார்கள். பிறகு வந்த இரண்டரை ஆண்டு நவாப் ஆட்சியில் தஞ்சைச் சீமை முழுவதும் ஒரு கடன்காரரின் பிணைச் சொத்தாக நடத்தப்பட்டது. நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கம்பெனியின் சொந்த ஊழியர்கள். அவர்களில் தலைசிறந்தவர் பால் பென்ஃபீல்ட். சிறு சம்பளத்தில் சென்னைக்கு வந்தவர், சில ஆண்டுகளில் சொந்தக் கோச்சு வண்டியும் பெரும் வட்டித் தொழிலுமாக வளர்ந்தவர். வயலில் நின்ற பயிர் அறுவடைக்கு முன்பே இத்தகையோருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. படையாள் நகரத்தைக் கொள்ளையிட்டால் மூன்று நாள் எடுத்துக்கொள்வான். தண்டல்காரனுக்கு ஒவ்வொரு போகமும் புதிதாக ஒரு நகரம்தான். சுமை நேரே விழுந்தது உழுகுடியின் பங்கான குடிவாரத்தின்மேல். வரப்பில் இருந்த மிராசுதார் கடனில் விழுந்தார். அவர் பண்ணையில் உழைத்த பள்ளரும் பறையரும் கூலி நெல் இல்லாமல் ஊரைவிட்டுப் போனார்கள். 1782-ல் இலண்டனில் நாடாளுமன்றக் குழு ஒன்றின்முன் சாட்சி சொன்ன பெட்ரி என்ற கம்பெனி அலுவலர், 1771-க்கு முன் இந்துஸ்தானத்திலேயே மிக நன்றாக உழப்பட்ட நாடுகளில் ஒன்றாகத் தஞ்சை இருந்தது, அதன்பின் வீழ்ச்சி வேகமாக வந்தது என்ற கருத்தில் பேசினார்.

இலண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்கள் தங்களைக் கேட்காமல் நடந்த இந்தப் போரைக் கண்டித்து, 1775-ல் துளஜாவுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அதைச் செய்து முடிக்க வந்தவர் அதே பிகட், இப்போது பிரபுப் பட்டத்தோடு. 1776 ஏப்ரலில் அவர் தாமே தஞ்சைக்குப் போய்த் துளஜாவை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். ஆனால் கோட்டைக்குள் இனிக் கம்பெனிப் படை இருக்கும். அதற்கு அரசர் ஆண்டுக்கு நான்கு லட்சம் வராகன் தர வேண்டும். ஒரு வராகன் ஏறத்தாழ மூன்றரை ரூபாய். நவாபுக்குக் கட்டி வந்த பேஷ்குஷைப்போல் மூன்று மடங்குக்கு மேல், தம்மைத் தோற்கடித்த படையின் சம்பளத்துக்காகவே போயிற்று.

உடனே பென்ஃபீல்ட் கணக்கை நீட்டினார். தஞ்சையின் வருவாயை நம்பி நவாபுக்குக் கொடுத்த கடனும் அந்நாட்டுக் குடிகளுக்குக் கொடுத்த கடனுமாக இரண்டு லட்சத்து முப்பத்து நான்காயிரம் பவுன் தனக்கு வரவேண்டும், அறுவடை தனக்கே என்றார். பிகட் மறுத்தார். கவுன்சிலில் பெரும்பான்மையோர் முதலில் தள்ளுபடி செய்து, பின் மனம் மாறிப் பென்ஃபீல்ட் பக்கம் சாய்ந்தார்கள். அவர்களில் பலருக்கு அந்தக் கடனில் சொந்தப் பங்கு இருந்தது. சண்டை முற்றி, 1776 ஆகஸ்டு 24 இரவு கவர்னரையே வண்டியோடு மறித்துக் கைது செய்தார்கள். பிகட் காவலிலேயே 1777 மே மாதம் இறந்தார். தஞ்சை நெல்லுக்காகச் சென்னையில் ஒரு கவர்னர் பலியானது இங்கிலாந்தில் பெரும் பேச்சாயிற்று. துளஜாவின் இலண்டன் முகவராக அமர்ந்தவர் வில்லியம் பர்க். அவருடைய நெருங்கிய உறவினராகப் பழகிய எட்மண்ட் பர்க், 1785 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றி நிகழ்த்திய நீண்ட உரையில் பென்ஃபீல்டைக் கிழித்தெடுத்தார். வாக்கெடுப்பில் பர்க் தோற்றார்; கடன்கள் நவாபின் கர்நாடகச் சீமை வருவாயிலிருந்து தீர்க்கப்பட்டன.

தஞ்சைச் சீமை மூச்சு விடுவதற்குள் 1781-ல் ஹைதர் அலியின் படை வந்தது. கம்பெனியோடு மூண்ட போரில் தஞ்சை கம்பெனியின் களஞ்சியம் என்பதால் அதை அழிப்பது அவருடைய போர்முறை. தஞ்சைக் கோட்டை தவிர ஏறக்குறைய எல்லாம் அவர் கைக்குப் போயிற்று. மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இளைஞர்களையும் சிறுவர்களையும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டு சென்றார்கள். 1782 பிப்ரவரியில் கும்பகோணத்துக்கு அருகே கொள்ளிடக் கரையில் அன்னக்குடியில் கம்பெனிக் கர்னல் பிரெய்த்வெய்ட்டின் படையை ஹைதரின் மகன் திப்பு மடக்கிப் பிடித்தார். ஒரு கோடி கலத்துக்கு மேல் கண்ட சீமையின் நெல் விளைச்சல் அந்தப் போர் ஆண்டுகளில் பதினாறு லட்சம் கலத்துக்கும் கீழே விழுந்தது. ‘ஹைதர் காலம்’ என்ற பேச்சு அதன்பின் தலைமுறைகள் கடந்தும் டெல்டா ஊர்களில் வழங்கியது.

அந்தப் பஞ்ச நாளில் கோட்டைக்குள் நெல் இல்லை. வெளியே ஊர்களில் ஒளித்து வைத்த நெல் இருந்தது. அரசர் வாக்குக்கும் கம்பெனி வாக்குக்கும் யாரும் மூட்டை அவிழ்க்கத் தயாராக இல்லை. முன்பு கொடுத்த நெல்லுக்கு இரு தரப்பும் பணம் தந்ததில்லை. ஜெர்மானியப் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் தம் பெயரில் பணம் தருவதாகச் சொன்னபிறகுதான் வண்டிமாடுகள் வந்தன. சில நாளில் எண்பதாயிரம் கலம் கோட்டைக்குள் சேர்ந்தது. பின்னர் ஊரைவிட்டு ஓடிய குடிகளைத் திரும்ப அழைக்கவும் அவர் வாக்கே தேவைப்பட்டது. ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார்.

துளஜா 1787-ல் இறந்தார். அவருடைய மாற்றாந்தாய் வழிச் சகோதரர் அமர்சிங்கைக் கம்பெனி அரியணையில் ஏற்றியது; 1798-ல் இறக்கிவிட்டு, துளஜாவின் சுவீகார மகன் சரபோஜியை அமர்த்தியது. அடுத்த ஆண்டு உடன்படிக்கையில் தஞ்சைச் சீமையின் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்குப் போய், சரபோஜிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. பதவி இழந்த அமர்சிங் 25,000 வராகன் உபகாரச் சம்பளத்தோடு திருவிடைமருதூரில் குடியேறி 1802-ல் அங்கேயே இறந்தார். கோட்டையும் படையும் இல்லாமல் அங்கே ஒரு சின்ன சமஸ்தானம் அவர் மகன் பிரதாப சிங்கின் காலத்திலும் தொடர்ந்தது. கனம் கிருஷ்ணையர் அதன் சங்கீத வித்வானாக இருந்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் இந்துஸ்தானி இசை கற்றதும் அந்த அரண்மனையில் இருந்த ராமதாஸ் என்பவரிடம்தான்.